நாற்பத்திரண்டு பேர்

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே பல்கலைக்கழக வளாகம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி ஆகிவிடும். விடுதி நடைகளில் வார் அறுந்த செருப்பும் கைப்பிடி போன வாளியும் கிடக்கும். உணவுக்கூடத்தின் பின்வாசலில் வருஷம் முழுக்கப் படுத்திருந்த நாய்கள், நடந்தது என்னவென்று புரியாமல் இரண்டு நாள் மூடின கதவையே பார்த்துவிட்டு, அப்புறம் ஊழியர் குடியிருப்புப் பக்கம் இடம் மாறிக்கொள்ளும். வெயில் மட்டும் லீவு போடாமல் வேலைக்கு வந்துவிடும்.

எல்லோருக்கும் வேலை குறைகிற அந்த நாட்களில்தான் செய்தியக்காவுக்கு வேலை கழுத்தை நெரிக்கும். மக்கள் தொடர்புப் பிரிவில் பதினேழு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள். கோடைச் செய்திமடல் என்று நாலு பக்கத்தில் ஒன்று வெளியாகும். வளாகத்தில் நடந்ததும் இனி நடக்கப்போவதும் அதில் இருக்கும். துறைகள் அனுப்புவதை வாங்கி, பிழை திருத்தி, நீளமானதை வெட்டி, அடுக்கி, அச்சுக்கு அனுப்புவது வரைக்கும் எல்லாம் அவள் தலையில்தான். அதனால் பெயரே செய்தியக்கா ஆகிவிட்டது. வாசல் காவலாளி, மழை எப்போது வரும் என்றுகூட அவளைத்தான் கேட்பார்.

இந்த வருஷமும் குறைவில்லை. நூலகம் மாலை ஐந்து மணிக்கே மூடப்படும். மூன்றாம் விடுதிக்கு வெள்ளையடிக்கிறார்கள். வளாகப் பேருந்து நாளைக்கு ஆறு நடைதான். ஓய்வுபெற்றவர்களுக்குக் கணினி வகுப்பு, மாடித்தோட்டப் பயிற்சி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் முகாம். மாடித்தோட்டத்துப் பேராசிரியை இரண்டு முறை நேரில் வந்து, தன் அறிவிப்பு கழிவறைப் பழுதுபார்ப்புச் செய்திக்குக் கீழே இருப்பது நியாயமா என்று கேட்டுவிட்டுப் போனார். செய்தியக்கா மறுபேச்சில்லாமல் அதைத் தூக்கி மேலே வைத்தாள்.

ஆனால் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, யாரும் கேட்காமல் அவளே வைத்த செய்தி ஒன்று உண்டு.

"சென்ற கோடை முகாமில் நீரில் மூழ்கிய சிறுமியைத் தக்க தருணத்தில் மீட்டு உயிர் காத்த நமது நீச்சல் பயிற்சியாளருக்கு, இவ்வாண்டு முகாமின் தொடக்க விழாவில் கேடயம் வழங்கப்படும்."

அந்தப் பயிற்சியாளர் அவளுடைய கணவர். மாஸ்டர் என்றால் வளாகத்தில் அவர் ஒருத்தர்தான். கேடயம் கொடுக்கலாமே என்று விளையாட்டுத்துறை இயக்குநரின் காதில் போட்டுவைத்ததும் அவள்தான். மனுஷனுக்குத் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியாது, நாமாவது பேசுவோமே என்ற நினைப்பு. போன வருஷம் முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலிக்கவில்லை. பிள்ளை அடியில் கிடந்ததும், மாஸ்டர் போட்டிருந்த துணியோடு குதித்ததும், வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சை வரவழைத்ததும், ஏதோ தானே கரையில் நின்று பார்த்தது மாதிரி சொல்வாள்.

மடல் அச்சாகி வந்த அன்று மாலை, மை வாசனை போகாத ஒரு பிரதியைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாஸ்டரின் அக்காவும் உடன் உட்கார்ந்திருந்தார். தையல் கடையில் முப்பது வருஷம் மெஷின் மிதித்து ஓய்ந்தவர், இப்போது இவர்களோடுதான் இருக்கிறார். கால் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. அவர்தான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். படித்து முடித்ததும், விழாவுக்குத் தம்பி என்ன சட்டை போடவேண்டும், தான் முன்வரிசையில் எந்த நாற்காலியில் உட்காரவேண்டும் என்பது வரைக்கும் பேசித் தீர்த்துவிட்டார்.

மாஸ்டர் கையை நீட்டினார். மடலை வாங்கி இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். மடிக்க முடியாத அளவுக்கு மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

"எதுக்கு இதெல்லாம்," என்றார். அவ்வளவுதான்.

வெட்கப்படுகிறார் என்று செய்தியக்கா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. விடிவதற்கு முன்பே நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டுக் குளத்தைத் தேய்த்துக் கழுவுவது வழக்கம். நாலு ஆட்கள் கம்பித் தூரிகையும் பிளீச்சிங் பவுடருமாக இறங்கினால் மூன்று நாளில் முடிந்துவிடும். இந்த முறை அவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகும் மாஸ்டர் தனியாக இறங்கி, தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தார். வீட்டுக்கு வந்தால் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடப்பார். குளிர்பெட்டியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்று, மூடுவார். வெள்ளரிக்காயைப் பாதி நறுக்கிவிட்டுக் கத்தியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். வெள்ளரிக்காயை நாத்தனார் தின்று முடித்தார்.

"தம்பி நடக்கிற நடைக்குத் தரை தேஞ்சு கீழ்வீடு தெரியப்போகுது," என்றார் நாத்தனார். "கேடயம் வாங்கறவனுக்கே இவ்வளவு படபடப்புன்னா, குடுக்கறவன் பாடு என்ன?"

செய்தியக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவருடைய முதுகைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் பார்த்த முதுகு. வெட்கப்படுகிற முதுகு அப்படி இருக்காது.

வளாகப் பேருந்தை ஓட்டுவது ஒரு பெண். காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றுவாள். போன கோடையில் குளத்து அடியிலிருந்து மீண்ட பெண் அவளுடைய ஒரே மகள். துளிபோல இருக்கும். குருவி என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து டிரைவர் இந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு நிறுத்தம் வைத்துவிட்டாள். நிறுத்தம் இருப்பது அரை பர்லாங்கு தள்ளி. பேருந்து நிற்பதோ செய்தியக்காவின் வாசலில். உள்ளே இருக்கும் பேராசிரியர்கள் முணுமுணுத்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், முணுமுணுப்பு அடங்கிவிடும்.

அந்த வாரம் ஒரு காலை அவள் ஸ்டியரிங்கில் கையூன்றித் திரும்பி, முகாமுக்கு மகள் பெயரைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு வருஷமாகக் குருவி தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறுகிறதாம். மழையில் நனைய மறுக்கிறதாம். ஆனால் மாஸ்டர் இருந்தால் இறங்குவேன் என்கிறதாம்.

"மாஸ்டர் கை பட்டாதான் அக்கா அந்தப் பயம் போகும். வேற யாரையும் அது நம்பாது," என்றாள்.

அலுவலகம் போய்ச் சேர்கிற வரைக்கும் செய்தியக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது. மதியம் குளத்து மோட்டார்க்காரர் ஏதோ ரசீதில் கையெழுத்து வாங்க வந்தார். வியாழனுக்குள் தண்ணீர் விட்டால்தான் திங்களுக்குக் குளம் நிரம்பும், மாஸ்டர் விடச் சொல்லமாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

"போன கோடையிலேர்ந்து மாஸ்டர் தண்ணில இறங்கி நான் பாக்கலம்மா. கரையில நின்னு கம்பை நீட்டிச் சொல்லித்தரார். வயசாகுதுல்ல, குளிர் ஒத்துக்கலையோ என்னவோ."

அவள் கையெழுத்துப் போட்ட பேனாவை மூடாமலேயே வைத்திருந்தாள். மாஸ்டருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது, தட்டச்சு இயந்திரத்துக்கு எழுத்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது மாதிரி. மேசையைப் பூட்டிக்கொண்டு எழுந்தாள்.

குளம் வெறிச்சென்று கிடந்தது. தண்ணீர் இல்லாத குளம் எவ்வளவு பெரிய பள்ளம் என்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. ஆழம் குறைந்த பக்கத்திலிருந்து நீலச் சில்லுகள் பதித்த தரை சரிந்து சரிந்து போய், கடைசியில் இரண்டு ஆள் உயரச் சுவரில் முட்டியது. அந்தக் கோடியில், சுவரின் ஒட்டு நிழலில், மாஸ்டர் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். தூரிகைச் சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி வழியாக இறங்கினாள். தரை சுட்டது. சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை தேய்ப்பீங்க இந்த இடத்தையே?"

அவர் நிமிரவில்லை. "அழுக்கு இருக்கு."

"அழுக்கு இல்லைங்க. நான் பாக்கறேன்ல."

தூரிகை நின்றது. மாஸ்டர் தேய்த்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒரு தட்டு அளவு இடம்.

"இங்கதான் கிடந்தா," என்றார்.

வெயிலில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் காப்பாத்தலம்மா. நான் பாக்கலை. நான் திரும்பி நின்னுட்டிருந்தேன்." குரல் சுவரில் மோதிப் பெரிதாகக் கேட்கவே தணித்துக்கொண்டார். "அன்னைக்கு உதவியாள் லீவு. நான் ஒருத்தன். ஃபோன் வந்துச்சு. எடுத்தேன். மேசைகிட்டப் போயிட்டேன். பதிவேட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். திரும்பினா தண்ணி மேல எல்லாத் தலையும் இருக்கு, ஒரு தலை இல்ல. எவ்வளவு நேரம் இல்லைன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"பதிவேடு எதுக்கு?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. போன வருஷத்து மடல். மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். நீச்சல் முகாம் செய்தியில் ஒரு எண் மட்டும் பாக்கி. அவள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்த வருஷம் எத்தனை பிள்ளைங்க, சரியான கணக்குச் சொல்லுங்க, குத்துமதிப்பா வேண்டாம் என்றாள். ஒரு நிமிஷம் இரு என்றார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அவர் எண்ணிச் சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள். "நாற்பத்திரண்டு சிறார்கள் உற்சாகமாகப் பங்கேற்று வருகின்றனர்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்பே? மறுபடி அந்த நாற்காலியில உக்காந்து ஒரு வரி அடிச்சிருப்பியா?" மாஸ்டர் தூரிகையைத் தள்ளி வைத்தார். "பொண்ணு பொழைச்சுட்டா. எல்லாரும் கைகுலுக்கினாங்க. மறுக்கப் போனா உன் பேரைச் சொல்லணும். இருக்கட்டும், நாளாக மறந்துரும்னு விட்டேன். நீ ஊரு பூரா சொல்லிட்டு வந்தே. எனக்கு உள்ளுக்குள்ள அறுத்துச்சு. இப்ப கேடயம்னு கட்டம் கட்டிப் போட்டுட்டே."

சாப்பாட்டு டப்பாவை இருவரும் திறக்கவில்லை.

அன்று மாலை அவள்தான் வாதாடினாள். நாத்தனார் கடைக்குப் போயிருந்த நேரம். பிள்ளை நல்லபடியாக இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை, பேசாமல் போய் ஐந்து நிமிஷம் மேடையில் நின்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். வேலை போனால் குடியிருப்பை விடவேண்டும், இந்த வயதில் எங்கே போவது என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"வாங்கிட்டு வந்து அதை எங்க வைப்பே?"

அவள் கண் தன்னால் சுவர் சுவராகப் போனது. வைப்பதற்கு அந்த வீட்டில் இடமில்லை.

இரண்டு நாள் அப்படியே போனது. அலுவலகத்தில் ஒரு அறிவிப்பை மூன்று முறை தப்பாக அடித்தாள். தொலைபேசி மணி அடித்தால் எடுக்கத் தயங்கினாள். மாடித்தோட்டத்துப் பேராசிரியை வந்து, பயிற்சிக்கு இதுவரை எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, தெரியாது, எனக்குத் தெரியாது என்று படபடவென்று சொன்னாள். பேராசிரியை பயந்துபோய் உட்காரச் சொல்லித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை பேருந்து வழக்கம்போல வாசலில் நின்றது. டிரைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. குருவி நேற்று வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எட்டு எண்ணுகிற வரைக்கும் இருந்ததாம். வெளியே எடுத்ததும், மாஸ்டர் கிட்ட சொல்லு, மாஸ்டர் கிட்ட சொல்லு என்று ஒரே பிடியாம்.

"ஒரு வருஷத்துல முதல் தடவை அக்கா. நான் பக்கத்துல நின்னு நடுங்கிட்டிருந்தேன், அது சிரிக்குது."

செய்தியக்கா படியில் வைத்த காலைக் கீழே எடுத்தாள். ஒன்று மறந்துவிட்டது, நீ போ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தாள். மாஸ்டர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு பஸ்ஸு ஷெட்டுல நிக்கும்," என்றாள். "போய்ச் சொல்லிடலாம். ரெண்டு பேருமா."

பேருந்துக் கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே காற்று கொதித்தது. டிரைவர் காலுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு, குழாயைப் பிடித்து வண்டியின் முன்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டர் உட்காரத் தன் பெட்டியை இழுத்துப் போட்டாள். மாஸ்டர் உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. உதவியாள் இல்லாதது, ஃபோன் வந்தது, திரும்பி நின்றது, தலை எண்ணிக்கை குறைந்தது. எல்லாம் நாலைந்து வாக்கியம்தான். டிரைவர் கையில் குழாய் அப்படியே இருந்தது. தண்ணீர் அவள் கால் மேல் கொட்டி, சக்கரத்தடியில் தேங்கியது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. தெரியலைங்கறதுதான் உண்மை."

"யார் ஃபோன்ல?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு ஃபோன் என்று சொல்லத்தான் திறந்தார் என்பது செய்தியக்காவுக்குத் தெரிந்தது. அவருக்கு முந்திக்கொண்டாள்.

"நான்தான். எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறதுக்கு. மடல்ல போட."

டிரைவர் அவளைப் பார்த்தாள். கோபம் என்று சொல்லமுடியாது. முன்பின் தெரியாத ஒருத்தி தன் வீட்டுக்குள் நிற்பதைப் பார்க்கிற பார்வை அது. அப்புறம் திரும்பிக்கொண்டு குழாயைக் கண்ணாடிப் பக்கம் பிடித்தாள். கழுவின கண்ணாடியையே கழுவினாள். அவர்கள் சற்று நேரம் நின்றார்கள். அவள் திரும்பவில்லை. வந்த வழியே வெயிலில் நடந்தார்கள்.

அங்கிருந்து விளையாட்டுத்துறை இயக்குநரிடம் போய்ச் சொன்னார்கள். அவருக்கு நடந்ததைவிட, மடல் அச்சான பிறகு அதைச் சொன்னதுதான் எரிச்சல். போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டரிடம் ஏறினார். அழைப்பெல்லாம் போய்விட்டதே, உங்கள் மடலில் நீங்கள் போட்டதை நீங்களே மறுப்பீர்களா என்று செய்தியக்காவிடம் கேட்டார். அவர் சத்தம் அடங்கின பிறகு மாஸ்டர் நடந்ததையெல்லாம் தன் கைப்பட எழுதின கடிதத்தை மேசையில் வைத்தார். வேறு நீச்சல் பயிற்சியாளர் கையில் இல்லை, பிள்ளைகளோ பதிந்துவிட்டார்கள். எழுத்துமூலம் எச்சரிக்கை, இனிமேல் கரையில் எப்போதும் இரண்டு காவலர்கள், ஃபோன் எல்லாம் வாசலிலேயே பெட்டியில், விழா ரத்து என்று முடிவானது. வேலை போகவில்லை. அடுத்த கோடைக்கு அவர் இருப்பாரா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர்.

செய்தியக்கா உட்கார்ந்து திருத்தம் அடித்தாள். நீச்சல் பயிற்சியாளருக்குக் கேடயம் வழங்கப்படும் என்று வெளியான செய்தி தவறு, அந்நிகழ்ச்சி நடைபெறாது. இரண்டே வரி. பதினேழு வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் எடுத்து அடித்த இரண்டு வரி வேறு இல்லை. வளாகத்தில் பதினோரு அறிவிப்புப் பலகை. பசை டப்பாவும் கத்திரியுமாக ஒவ்வொன்றாக நடந்து, கட்டம் கட்டின செய்தியின் மேலேயே ஒட்டினாள். நூலக வாசலில் ஒட்டும்போது பின்னால் இரண்டு பேர் நின்று படித்தார்கள். கேட்டால் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். அவர்கள் கேட்கவில்லை.

நாத்தனாருக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, தம்பிக்கென்று மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்திருந்த சட்டையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

"ஒரு வருஷமா இதை வெச்சுக்கிட்டா சோறு தின்னே நீ?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அவர்தான் சமைத்தார். சாதமும் முட்டையும்தான். மாஸ்டர் தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பேருந்து அதற்கப்புறம் வாசலில் நிற்கவில்லை. மறுநாள் காலை செய்தியக்கா பழக்கத்தில் வெளியே வந்து நின்றாள். அது வேகம் குறையாமல் அவளைத் தாண்டிப் போனது. பின்னாலேயே அரை பர்லாங்கு நடந்தாள், அதற்குள் நிறுத்தத்திலிருந்தும் கிளம்பிவிட்டது. அடுத்த நாளிலிருந்து முன்கூட்டியே போய் நிறுத்தத்தில் எல்லோரோடும் நின்றாள். ஏறும்போது டிரைவர் சாலையைத்தான் பார்ப்பாள். கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது என்று செய்தியக்காவும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

குளத்தில் தண்ணீர் விட்டார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு மோட்டார் ஓடியது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முகாம் சத்தமில்லாமல் தொடங்கியது. விஷயம் காதில் விழுந்து நாலைந்து பெற்றோர் பெயரை எடுத்துவிட்டார்கள். மீதிப் பிள்ளைகள் வந்தார்கள். அலுவலகம் பத்து மணிக்குத்தான் என்பதால், செய்தியக்கா காவலர்களோடு மூன்றாவதாகத் தானும் நின்றாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வெயிலில் துண்டு துண்டாக மின்னி மின்னிக் கண்ணைக் கூசச் செய்யும். ஒரு தலை அமிழ்ந்து எழுவதற்குள் அவளுக்கு உயிர் போய் வரும். மாஸ்டர் கரையோரமாக, கையில் நீளக் கம்போடு, கூண்டுப் புலி மாதிரி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கால் விரல்கூட நனையவில்லை. பிள்ளைகளுக்கும் அந்த நடை தொற்றிக்கொண்டது. யாரும் கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவில்லை. இரண்டு நாள் இப்படியே கழிந்தது.

மூன்றாம் நாள் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வாசல் கம்பிக்கதவு கிரீச்சிட்டது. டிரைவர், காக்கிச் சட்டையோடு. கையைப் பிடித்தபடி குருவி. புதிதாக வாங்கின நீச்சலுடை ஒரு அளவு பெரிது, தோளில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெட்டியில் தன் ஃபோனைப் போட்டுவிட்டு டிரைவர் நேராக மாஸ்டரை நோக்கி வந்தாள். காவலர்கள்கூடத் தங்கள் இடத்தில் அசையாமல் நின்றார்கள்.

"இது தினம் அழுவுது," என்றாள். குரலில் இளக்கம் எதுவும் இல்லை. "மாஸ்டர் வேணுமாம். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் இதுகிட்ட. மாஸ்டர் அன்னைக்குப் பாக்கலைன்னு சொன்னேன். அப்பவும் வேணுமாம்."

குருவி அம்மாவின் கையை விடாமல் தண்ணீரையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நீங்க முதல்ல இறங்குங்க," என்றது.

அவர் கம்பைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் குனிந்தவர் நிமிரவில்லை. போங்க என்று சொல்ல செய்தியக்காவுக்கு நாக்கு எழவில்லை. அந்தக் குளத்தில் யாரையும் எதுவும் செய்யச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது.

டிரைவர்தான் பேசினாள்.

"நீங்க தண்ணியைப் பாருங்க, மாஸ்டர். நான் உங்களைப் பாத்துட்டிருக்கேன்."

மாஸ்டர் ஆழம் குறைந்த பக்கத்து ஏணியைப் பிடித்துத் திரும்பினார். ஒரு படி. இன்னொரு படி. கணுக்கால், முழங்கால், இடுப்பு. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது மூச்சை இழுத்துக் கண்ணை மூடி, உடனே திறந்துகொண்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். குருவி உடனே போகவில்லை. படியில் உட்கார்ந்து காலை நனைத்தது, எடுத்தது, மறுபடி நனைத்தது. கம்பியைப் பிடித்திருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி வேடிக்கை பார்த்தார்கள். மாஸ்டர் கூப்பிடவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கடைசியில் அது வழுக்கிக்கொண்டு இறங்கி அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

செய்தியக்கா நிழலில் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து டிரைவர் பக்கத்தில் போட்டாள். டிரைவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. குளத்து விளிம்பில், ஈரத்தில், செருப்பில்லாத காலோடு நின்றாள். செய்தியக்காவும் நாற்காலியை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் டிரைவர் உட்காரவே இல்லை.